மாற்று நிலையம் திறந்திருக்கிறதா?

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இங்கே இருவரும் சௌக்கியம். உன் அண்ணனுக்கு மட்டும் பழைய முதுகுவலி. அதுவும் நான் ஏதாவது வேலை சொன்னால்தான் வருகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நாம் பேச ஆரம்பித்தால் உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நடுவே புகுந்துவிடுகிறார். போன தடவை, "அந்த டிரைவிங் ஸ்கூல் எத்தனை நாளைக்கு ஓடும்னு பார்க்கிறேன்" என்று அவர் ஆரம்பிக்க, நீ பட்டென்று வைத்துவிட்டாய். அதனால் இனி நமக்குள் கடிதம்தான். இதை அவரால் ஸ்பீக்கரில் போட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். விமான நிலையத்தில் எங்கள் செக்-இன் கவுன்டர்கள் பன்னிரண்டில் எட்டை எடுத்துவிட்டு மிஷின் வைத்துவிட்டார்கள். பயணிகளே தட்டி போர்டிங் பாஸ் எடுத்துக்கொள்கிறார்கள். பதினேழு வருஷமாக "ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா" என்று கேட்ட வாய்க்கு வேலை குறைந்துவிட்டது. ஆன்லைனில் படிக்கும் ஏவியேஷன் டிகிரி செப்டம்பரில் முடிந்துவிடும். முடிந்ததும் மாடியில் இருக்கும் டிஸ்பாட்ச் அறைக்கு விண்ணப்பிக்கலாம். ஒவ்வொரு விமானமும் எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுக்கிற அறை அது. வருஷத்துக்கு இரண்டே பேரைத்தான் எடுப்பார்கள். எனக்கு வயது நாற்பத்திரண்டு என்பதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த வாரப் பாடத்தில் ஒன்று வந்தது. திட்டம் எழுதும்போது, போய்ச்சேர வேண்டிய ஊரோடு மாற்று நிலையம் ஒன்றையும் எழுத வேண்டும். போகிற இடத்தில் இறங்க முடியாமல் போனால் அங்கே போய் இறங்கலாம். படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. டிஸ்பாட்ச் கிடைக்காவிட்டால் உன் ஸ்கூலில் எனக்கு ஒரு இடம் இருக்குமா? இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. விளையாட்டுக்குக் கேட்கவில்லை, வாலு.

உன் பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
அண்ணி


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அண்ணனின் முதுகுக்கு என் அனுதாபங்கள்.

இடமா? ஒரு காரே இருக்கிறது! என்னிடம் இருக்கும் இரண்டில் சிவப்புக் கார் உங்களுக்கு. சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பதால் பயம் வேண்டாம். ஸ்கூல் என்று பெத்த பேர். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை, மரக்கடைக்குப் பின்னால் பழகுவதற்கு ஒரு மைதானம், அவ்வளவுதான். அறையில் உங்களுக்கு ஜன்னல் பக்க மேஜை. ஜன்னல் ஓரமா, நடைபாதை ஓரமா என்று நான் கேட்கப்போவதில்லை.

நேற்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே காகம் நின்றாலும் பிரேக், காகம் பறந்தாலும் பிரேக். ஒரு மணி நேர வகுப்பில் என் நெற்றி நான்கு தடவை கண்ணாடிக்குக் கிட்டே போய் வந்தது. பிரேக் மாமா என்று பெயர் வைத்துவிட்டேன். "எதுக்கு மாமா நிறுத்தினீங்க?" என்றால், "எதுக்கும் இருக்கட்டும்னுதாம்மா" என்கிறார்.

ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் ஊரிலேயே பயிற்சியாளர் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். அது கையில் இருந்தால் மறுநாளே வேலை. நீங்கள் நிம்மதியாகப் படியுங்கள்.

உங்கள் செல்ல நாத்தனார்,
வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்த அன்று இரண்டு தடவை படித்தேன். வயிற்றில் பால் வார்த்தாய். இங்கே எல்லாரும் நலம். உனக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா?

பயிற்சியாளர் வகுப்புக்குச் சனிக்கிழமை தோறும் போகிறேன். இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிறுத்துவதை மட்டும் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்க வரவில்லை. எனக்குக் கை செய்துவிடுகிறது, வாய் சொல்ல மாட்டேன் என்கிறது. படிப்பு பரவாயில்லை. வானிலைப் பாடம்தான் உயிரை வாங்குகிறது. மேகத்தில் இத்தனை ஜாதி இருப்பது தெரியாமலே நாற்பது வருஷம் குடை பிடித்திருக்கிறேன்.

நான் உட்கார்ந்து படிக்கிற இடத்துக்குப் பின்னால்தான் உன் அண்ணன் பல் செட்டுகளை உலர வைக்கிறார். பல் செட் கட்டுவதுதான் தொழில், என்ன செய்வது? நேற்று ஆன்லைன் வகுப்பில் காமிரா போட்டதும் ஆசிரியர், "உங்க பின்னாடி சிரிக்கிறது யாரு?" என்றார். திரும்பிப் பார்த்தால் முழுசாக ஒரு மேல்வரிசை.

மரக்கடைக்காரர் மைதானத்தில் ஏதோ கட்டப்போவதாக அண்ணனிடம் யாரோ சொன்னார்களாம். உண்மையா? இல்லை, வழக்கம்போல அவர் கயிறு திரிக்கிறாரா?

அன்புடன்,
அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை நெருக்கடி. உடம்புக்கு ஒன்றுமில்லை, சளி அப்போதே ஓடிவிட்டது.

நல்ல சேதி. பிரேக் மாமா பாஸாகிவிட்டார்! மூன்றாவது தடவை. லைசென்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு அந்த மனிதர் தேம்பி அழுதார். "உன் நெத்திக்கு ஒண்ணும் ஆகலையேம்மா" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

மைதானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே இப்போது நல்ல வெயில். அண்ணனுக்குக் கதை எங்கிருந்துதான் கிடைக்கிறதோ.

மேகங்களை விடாதீர்கள். அவசரமாக முடிக்கிறேன்.

வாலு


மே 30

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் சுகம். நீ இளைத்துவிட்டாய் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்றுகிறது. பிரேக் மாமா பாஸானதை உன் அண்ணனிடம் சொன்னேன். "ரோட்டுல இறங்குறவங்க ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். ஆனாலும் சிரித்தார்.

எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். மீதி நான்கு கவுன்டரும் அக்டோபர் கடைசியோடு மூடப்படும். விருப்பம் இருந்தால் மிஷின் பக்கத்தில் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு நிற்கலாம். பயணிகள் தடுமாறினால் எந்தப் பட்டன் என்று காட்ட வேண்டும். நிரந்தர வேலை. ஆனால் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷத்துக்கு வேறு பிரிவுக்கு மாற முடியாது. டிஸ்பாட்சை மறந்துவிட வேண்டியதுதான். ஆகஸ்ட் 31-க்குள் சொல்ல வேண்டும்.

என்னோடு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டுவிட்டார்கள். உன் அண்ணன், "உன் இஷ்டம்" என்கிறார். அவர் அப்படிச் சொன்னாலே போடு என்று அர்த்தம். எனக்கு மனசு வரவில்லை. சிவப்புக் கார் இருக்கிற தைரியம்தான்.

அன்புடன்,
அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் ஜோராக இருக்கிறேன். இளைத்தேன் என்று யார் சொன்னது? போன மாதச் சட்டை இந்த மாதம் பிடிக்கிறது.

படிவத்தைப் பற்றி யோசித்தேன். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அண்ணி. மூன்று வருஷம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். மஞ்சள் உங்களுக்கு எடுப்பாகவும் இருக்கும். நிரந்தர வேலையை யாராவது உதறுவார்களா?

சிவப்புக் காரைப் பற்றிச் சந்தேகப்பட்டு இதைச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது ராணி மாதிரி நிற்கிறது. போன வாரம் புது இருக்கை உறை போட்டேன். உங்கள் மேஜைக்கு மேலே ஃபேன் மாற்றியாகிவிட்டது. நேற்றுகூடப் பிரேக் மாமா வகுப்பில் வளைவுக்கு நட்டநடுவே வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நாய்க்கு வழி விட்டார். நாய் உட்கார்ந்துகொண்டது. இவரும் இறங்கமாட்டார், அதுவும் எழுந்திருக்காது. பின்னால் ஒன்பது வண்டி ஹாரன்! கடைசியில் நான் இறங்கிப் போய் நாயிடம் கெஞ்சினேன்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

வாலு


ஜூலை 12

அன்புள்ள வாலுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. நாய்க்கும் உனக்கும் நடந்த பேச்சுவார்த்தையை மிகவும் ரசித்தேன். பிரேக் மாமாவை நான் விசாரித்ததாகச் சொல்.

பயிற்சியாளர் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன், பரவாயில்லை. வானிலையும் பாஸ், கடைசிப் பரீட்சைகள் ஆகஸ்டில்.

இப்போது நடக்கும் பாடம் மாற்று நிலையத்தைப் பற்றித்தான். பெயரை எழுதிவிட்டால் மட்டும் போதாதாம். நாம் போய்ச்சேரும் நேரத்தில் அது திறந்திருக்குமா, விளக்கு எரியுமா, ஆள் இருப்பார்களா என்று பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். அங்கே இருப்பவர்கள் மூடினால் உடனே எல்லாருக்கும் தெரிவித்துவிடுவார்கள் என்று புத்தகம் சொல்கிறது. தெரிவிக்காமல் இருக்க மாட்டார்கள் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட் 28

அன்புள்ள வாலுக்கு,

நான் எழுதி ஆறு வாரமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. போன் போட்டால், "நல்லா இருக்கேன், வண்டியில இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பி நீட்டுகிறாய்.

பரீட்சை முடிந்துவிட்டது. சுமாராகவே எழுதியிருக்கிறேன்.

இன்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்துப் போடாமல். மேற்பார்வையாளர் இரண்டு தடவை, "நல்லா யோசிச்சீங்களா?" என்றார். யோசித்தேன் என்றேன்.

அண்ணி


செப்டம்பர் 4

அண்ணி,

நலம் விசாரிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சிவப்புக் கார் இல்லை. ஸ்கூலே இல்லை. ஏப்ரலில் மூடிவிட்டேன். அண்ணனிடம் யாரோ சொன்னது உண்மைதான். மரக்கடைக்காரர் மைதானத்தில் கிடங்கு கட்ட ஆரம்பித்தார். மைதானம் இல்லாத ஸ்கூலுக்கு அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்களாம். ஊரெல்லாம் தேடினேன், வேறு இடம் கிடைக்கவில்லை. இரண்டு கார்களும் போய்விட்டன. அறைச் சாவியை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு வண்டி ஓட்டுகிறேன்.

உங்களிடம் சொல்லத்தான் நினைத்தேன். என் கடிதத்தால் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். இடையில் சொன்னால் படிப்பை விட்டுவிடுவீர்களோ என்று பயந்தேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அண்ணன் காதுக்குப் போகும். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அதை மட்டும் என்னால் கேட்க முடியாது. மூன்று வருஷம் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கக் கூடாது என்றுதானே மாடாய் உழைத்தேன்.

உடனே மேற்பார்வையாளரிடம் போய்ப் படிவத்தைத் திரும்பக் கேளுங்கள். காலில் விழுந்தாவது கேளுங்கள். உங்கள் வேலைக்கு நான் உலை வைத்துவிட்டேன்.

வாலு


செப்டம்பர் 12

அன்புள்ள வாலுக்கு,

முதலில் அழுகையை நிறுத்து. நாங்கள் நலம். படிவத்தைத் திரும்பக் கேட்கப்போவதில்லை.

எனக்கு ஜூன் மாதமே தெரியும். புளுகுவதென்றால் கொஞ்சம் ஞாபகத்தோடு புளுக வேண்டாமா? மே மாதம் லைசென்ஸ் வாங்கித் தேம்பி அழுத பிரேக் மாமா, ஜூன் மாதம் எதற்கடி மறுபடி வகுப்புக்கு வந்து நாய்க்கு வழி விட்டார்? முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஜெராக்ஸ் கடைக்குப் போன் பண்ணி, மாடியில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு மாசமாகப் பூட்டிக் கிடக்கிறது என்றார்கள்.

கோபம் வந்தது, மறைக்கவில்லை. என் பிழைப்பு விஷயத்தில் இவள் காதில் பூச்சுற்றுகிறாளே என்று இரண்டு நாள் உன் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இருக்கை உறை, ஃபேன், நாய். என்னை ஏமாற்ற இத்தனை தேவையில்லை. நீ அந்த அறையில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டு எழுதியிருக்கிறாய் என்று தோன்றியது. எழுந்து போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அதுவும் தப்போ என்னவோ.

ஆக, சிவப்புக் கார் இல்லை என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போடவில்லை. உன்மேல் பழி கிடையாது. போகிற இடத்தில் வானம் தெளிவாக இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால், மாற்று நிலையம் எழுதாமலே கிளம்ப ஒரு விதி இருக்கிறது. என் வானம் அவ்வளவு தெளிவில்லைதான். ஆனால் மூன்று வருஷம் பட்டனைக் காட்டிக்கொண்டு நின்றால், மாடிப்படியைப் பார்க்கும்போதெல்லாம் என்மேல் எனக்கே எரிச்சல் வரும். தவிர, பயிற்சியாளர் லைசென்ஸ் இருக்கிறது. அது உன் ஸ்கூலுக்கு மட்டுமா செல்லும்?

முடிவு வந்துவிட்டது, டிகிரி பாஸ். சுமாராக எழுதினேன் என்றேனே, அதை நம்பாதே, வகுப்பில் ஆறாவது. அக்டோபர் 20 அன்று டிஸ்பாட்ச் நேர்காணல். உன் அண்ணனிடம் நான் சொல்லட்டுமா?

அன்புடன்,
அண்ணி


செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சூப்பராக இருக்கிறேன். நீங்கள் ஆறாவது என்று வண்டியில் இருந்த அத்தனை ரத்த மாதிரிக் குழாய்களிடமும் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை.

ஆமாம், என் புது வேலை அதுதான். காலையில் பதினோரு மருத்துவமனைகளில் இருந்து ரத்த மாதிரிகளை வாங்கி, குளிர் குறையாமல் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். பிரேக்கை மெதுவாகப் போட வேண்டும், பிரேக் மாமாவுக்கு இங்கே வேலை கிடைக்காது. ஒரே குறை, பக்கத்து சீட்டில் ஆள் கிடையாது. பேசிப் பேசியே ஓட்டிப் பழகிவிட்டேனா, வளைவு வந்தால் "பிடிச்சுக்கோங்க" என்று குழாய்களிடம் சொல்கிறேன். பைத்தியம் என்று நினைக்க வேண்டாம்.

அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் போனை இரண்டு நாள் அணைத்து வைத்துவிடுகிறேன்.

என்னை மன்னித்துவிட்டீர்கள் என்று எழுதவே இல்லை. மன்னித்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டேன். நேர்காணலில் திருடி மாதிரிப் பார்க்காதீர்கள்.

வாலு


நவம்பர் 3

அன்புள்ள வாலுக்கு,

நாங்கள் நலம். மன்னித்தாயிற்று, எழுத்தில் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.

உன் அண்ணனிடம் சொன்னேன். யாருடைய பல்லையோ தேய்த்துக்கொண்டிருந்தார். "எப்போ?" என்றார். "ஏப்ரல்ல" என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று ஆரம்பித்தவர், நான் பதில் சொல்வதற்கு முன்பே, "நான் அப்படியா இருந்திருக்கேன்?" என்றார். பிறகு ரொம்ப நேரம் அந்தப் பல்லையே தேய்த்தார். சனிக்கிழமை காலை ரயிலில் உன் வாசலுக்கு வருகிறார். அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். மீறினால் எனக்கு எழுது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது, வாலு. எடுத்த இரண்டு பேரில் நான் ஒருத்தி. கவுன்டரை மூடிய மறுநாளே மாடிக்குப் போய்விட்டேன். இன்று காலை, எனக்குச் சொல்லிக்கொடுப்பவர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் திட்டம் போட்டேன். அந்த விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. இறங்கும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நேர்காணலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அறைத் தலைவி கேட்டார்: "மாற்று நிலையம் திறந்திருக்குன்னு அங்க இருக்கிறவர் சொல்றாரு. விமானம் கிளம்பின அப்புறம், அது மூடிக் கிடக்குன்னு உங்களுக்குத் தெரியுது. என்ன செய்வீங்க?" விமானிக்குச் சொல்லி வேறு நிலையம் தேட வேண்டும். எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வாயில் வந்தது வேறு. "திறந்திருக்குன்னு சொன்னாரே, அவருக்கு என்ன ஆச்சுன்னு கேட்பேன்" என்றேன். மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். "விமானிக்குச் சொல்லி, வேற நிலையம் பார்த்துட்டுத்தான்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன். அறைத் தலைவி சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. நான் அதை இன்னும் கேட்கவே இல்லை. நீ மூடியதைத் தெரிந்துகொண்டேன், கோபப்பட்டேன், காத்திருந்தேன், பரீட்சை எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் உடம்பு எப்படி என்றேன், நீயும் ஜோர், சூப்பர் என்றாய். நானும் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கி வந்தாயே, அன்று நீ எப்படியம்மா இருந்தாய்? உன் கூட யார் இருந்தார்கள்?

அண்ணி